“பழுதுநீக்க இயலாதவை”: ஒரு கழிவுப் பட்டியலுக்கு மறுப்பு

தில்லியில் நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தில், ஊடகம் கற்பிக்கும் துறையொன்று ஏழு கேமராக்களைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துள்ளது. பென்டாக்ஸ் கே1000 நான்கு, யாஷிகா மேட்-124ஜி இரண்டு, மடிப்புத் துருத்தி கொண்ட ஜெய்ஸ் ஐகான் நெட்டார் ஒன்று. ஏழுக்கும் எதிரே ஒரே குறிப்பு: “ஷட்டர் இயங்கவில்லை. பழுதுநீக்க இயலாதது.” அடுத்த கட்டம் ஏலம். கால் உடைந்த நாற்காலிகளோடும் உயிர்போன கணினித் திரைகளோடும் சேர்ந்து எடைக்குப் போகும். துறையின் பெயரை எழுதப்போவதில்லை. இதை வாசிப்போர் பலருக்கும் தத்தம் வளாகத்தின் பெயரை அவ்விடத்தில் இட்டுக்கொள்வதில் சிரமம் இராது.

அதே துறையில் அண்மைக்காலத்தில் அளிக்கப்பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பாருங்கள். ‘ஒளிப்படத்தின் பொருண்மை’, ‘கருவியும் பார்வையும்’ என்ற வகைத் தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பொருளைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதப்பட்ட கட்டடத்தில், பொருளைத் திறந்து பார்க்க ஒரு சிறு திருப்புளி இல்லை. சிக்கிய ஷட்டரைச் சரிசெய்வது ஆய்வுக்கு வெளியே, யாரோ ஒரு ‘மெக்கானிக்’ செய்யவேண்டிய சில்லறை வேலை என்று நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். நான் இங்கே வாதிடுவது இதற்கு நேர் எதிரானது. ஒளிப்பட வரலாற்றைப் பயில்வோருக்குப் பழுதுபார்த்தல் என்பது ஒருவகை வாசிப்பு. ஏடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை என்பதற்காக ஒரு சுவடியைக் குப்பைக்கு அனுப்பும் வரலாற்றுத் துறையை நாம் என்ன சொல்லி அழைப்போம்?

முதலில் அந்தக் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) ஒரு பொருளை உபரி என்றோ, காலாவதியானது என்றோ, பயன்படாதது என்றோ அறிவிக்க இடந்தருகின்றன. ஆனால் அதற்கான காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் கோருகின்றன. “ஷட்டர் இயங்கவில்லை” என்பது அறிகுறி. அதைக் காரணமாக எழுதுவது, “நோயாளி எழுந்து நடக்கவில்லை” என்று எழுதிவிட்டு இறப்புச் சான்றிதழ் வழங்குவதற்கு ஒப்பாகும். எந்த ஷட்டர், எந்த வேகத்தில், எவ்விடத்தில் நிற்கிறது? ஏழு கேமராக்களில் மூன்று வெவ்வேறு ஷட்டர் அமைப்புகள் உள்ளன. மூன்றும் ஒரே நாளில் ஒரே நோயால் மடிந்தன என்று நம்பச் சொல்கிறது குழு.

நெட்டாரில் இருப்பது லென்ஸுக்குள்ளேயே அமைந்த இதழ் ஷட்டர். காகிதம்போல் மெல்லிய எஃகு இதழ்கள் சில, பூ விரிவதுபோல் விரிந்து மூடுகின்றன. 1/100, 1/250 போன்ற வேகங்களில் ஸ்பிரிங்கின் விசையே பெரும்பாலும் இதழ்களைத் திறந்து மூடிவிடும். ஒரு வினாடி, அரை வினாடி போன்ற மெதுவேகங்களில், இதழ்கள் உடனே மூடிவிடாதபடி ஒரு பற்சக்கரத் தொடர் அவற்றைப் பிடித்து வைக்கிறது. கைக்கடிகாரத்துக்குள் கேட்கும் அதே ஓசை அங்கும் கேட்கும். ஆகவே 1/100இல் ஓடி ஒரு வினாடியில் நின்றுவிடும் ஷட்டரின் நோய் இதழ்களில் இல்லை, பற்சக்கரத் தொடரில் இருக்கிறது: பல பத்தாண்டுகளுக்கு முன் இட்ட மசகு எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது. எல்லா வேகங்களிலும் இதழ்கள் பாதி திறந்து தயங்கினால், அந்த எண்ணெயின் ஒரு பகுதி கசிந்து இதழ்களுக்கிடையே மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டு நீர் விழுந்தால் அவை ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான் இதுவும். இதழ்கள் உலர்ந்தே ஓட வேண்டியவை. அவற்றில் எண்ணெய்க்கு இடமில்லை. இதை அறியாத நல்லெண்ணக்காரர் ஒருவர் முன்பொரு முறை நெட்டாரின்மேல் டபிள்யூ.டி-40 அடித்திருக்கிறார் என்பது அதன் உட்புறத்தைக் கண்டபோது விளங்கிற்று. தில்லியின் ஜனவரிக் காலையில் அசையாமல் கிடந்த அதே ஷட்டர், பிற்பகல் வெயிலில் சற்று வைத்திருந்தால் சோம்பலாகவேனும் ஓடியது. குளிரில் இறுகிச் சூட்டில் இளகும் கிரீஸின் குணம் அது. இந்தச் சோதனைக்கு நிதியும் வேண்டாம், குழுவும் வேண்டாம். ஒரு சன்னல் போதும்.

பென்டாக்ஸ் கே1000 வேறு இனம். அங்கே லென்ஸுக்குப் பின்னால், ஃபிலிமுக்குச் சற்று முன்னே, ரப்பர் பூசிய இரண்டு துணித்திரைகள் ஒன்றையொன்று துரத்தி ஓடுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள பிளவுதான் ஒளியை உள்ளே விடுகிறது. 1/1000 வேகத்தில் பிளவு சில மில்லிமீட்டர் அகலமே. முதல் திரை தளர்ந்து பின்திரை அதை எட்டிப்பிடித்துவிட்டால், படத்தின் ஒரு பக்கம் கறுத்துப்போகும். இதைத் திரையின் இழுவிசையைச் சற்றே மாற்றிச் சரிசெய்துவிடலாம். பட்டியலிலுள்ள நான்கில் இரண்டில் ஷட்டருக்குக் குறையே இல்லை. கண்ணாடி மேலெழும்போது மோதும் இடத்தில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு காலத்தால் உருகித் தார்போலாகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுள்ளது. கண்ணாடி இறங்காதவரை அடுத்த படத்துக்கான நெம்புகோல் நகராது. பஞ்சைச் சுரண்டி எடுத்துப் புதியது ஒட்டுவது பள்ளி மாணவர் செய்யக்கூடிய வேலை. யாஷிகாக்களில் ஒன்றன் சுயஇயக்கி பாதிவழியில் நிற்கிறது. மற்றொன்றை நான் திறக்கவில்லை, எனவே அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நெட்டாரை என் நெறியாளரின் கையொப்பத்தோடு கடனாகப் பெற்று, சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி கேமராச் சந்தைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே மாடிப்படியின் அடியில் ஒரு மேசை அகலத்துக்குக் கடை வைத்திருக்கும் பெரியவரை எல்லோரும் உஸ்தாத் என்றே அழைக்கிறார்கள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. காதருகே வைத்து ஒரு வினாடி வேகத்தில் விசையை அழுத்தினார். பிறகு அரை வினாடி. பிறகு 1/5. எவ்விடத்தில் ஓசை தடுமாறுகிறது என்பதைக் கேட்டே, எந்தச் சக்கரம் என்பதைச் சொல்லிவிட்டார். முன்கண்ணாடியைக் கழற்றுமுன் அதன் விளிம்பில் ஊசியால் ஒரு கோடு கீறினார். அந்தக் கோடு இல்லாமல் மீண்டும் பூட்டினால் தொலைதூரக் காட்சி என்றைக்கும் தெளிவாக விழாது. பெட்ரோல் வாடை வீசும் லைட்டர் திரவத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு, விசையை அழுத்தி, உலரவிட்டு, மறுபடி விட்டார். முதல் முறை கழுவியதும் ஓடிவிடும், அதை நம்பக்கூடாது என்றார். கரைந்த அழுக்கு உலர்ந்தபின் திரும்பப் படியும். மூன்றாம் முறைக்குப் பின், கடிகார எண்ணெயை ஊசிமுனையில் தொட்டுப் பற்சக்கரங்களின் அச்சுகளில் மட்டும் வைத்தார். இத்தனைக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூலி எண்ணூறு ரூபாய்.

அக்கேமரா இன்று ஓடுகிறது. பட்டியலில் அது இன்னமும் “பழுதுநீக்க இயலாதது”. பட்டியலில் கையொப்பங்கள் முடிந்துவிட்டனவாம். உஸ்தாத் பதிவுபெற்ற விற்பனையாளர் அல்லர், அவரிடம் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீது இல்லை. ஆகவே பழுது நீக்கப்பட்டதற்கு ‘ஆவணம்’ இல்லை. ஆவணம் இருப்பது இயலாமைக்கு மட்டுமே: டிஜிட்டல் கேமராக்களை விற்கும் நிறுவனம் ஒன்று, புதிய கேமராக்களுக்கான விலைப்புள்ளியோடு சேர்த்துத் தந்த ஒற்றைப் பக்கச் சான்று. புதியதை விற்பவரிடம் பழையதன் உயிரைப் பற்றிக் கருத்துக் கேட்கும் நடைமுறையை வடிவமைத்தவர் யாரோ, அவருடைய நகைச்சுவை உணர்வைப் பாராட்ட வேண்டும்.

‘சரி, ஓடினால் என்ன? எல்லாம் செல்பேசியில் எடுக்கும் காலத்தில் இந்த இரும்பை வைத்து என்ன செய்வது?’ என்று கேட்கும் சக ஆய்வாளர்களுக்கு என் பதில் ஏக்கம் சார்ந்ததன்று. ஃபிலிமின் ‘ஆன்மா’ பற்றிய கவிதைகளை நான் எழுதுவதில்லை. அவற்றை எழுதுவோர் பலரும் ஷட்டரைத் திறந்தவர்கள் அல்லர். எனக்கு வேண்டியது சான்று. பழைய இந்திய ஸ்டுடியோ உருவப்படங்களில் மனிதர்கள் விறைத்து நிற்பதைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம்: காலனியப் பார்வைக்குப் பணிந்த உடல், சாதிய ஒழுங்கு பதிந்த உடல், நவீனத்தின் முன் உறைந்த உடல். இவற்றில் எதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வேகம் குறைந்த தகட்டில், லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மூடியோ, தார்ன்டன்-பிக்கார்ட் போன்ற சுருள்திரை ஷட்டரின் ரப்பர்க் குமிழை அழுத்தியோ எடுத்த படத்தில், அந்த விறைப்பில் எவ்வளவு அதிகாரத்துக்கு உரியது, எவ்வளவு அசையாமல் நிற்கவேண்டிய நேரத்துக்கு உரியது? ஷட்டரை அறியாதவருக்கு இரண்டையும் பிரிக்க வழியில்லை. அவர் எழுதுவது கோட்பாடாக இருக்கலாம். படத்தைப் பற்றியதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கணக்கு எளிது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடப்பவர் 1/25 வினாடியில் நான்கு சென்டிமீட்டர் நகர்வார். எண்ணெய் காய்ந்த ஷட்டரில், வளையத்தில் 1/25 என்று இருந்தாலும், திறந்திருக்கும் நேரம் 1/12 ஆகிவிட்டது என்று கொள்வோம். நகர்வு எட்டு சென்டிமீட்டராகிறது. ஃபிலிமில் விழும் ஒளியும் இருமடங்காகிறது. தன் ஷட்டர் மந்தமானது என்பதை அறிந்த ஊர்ப் படக்காரர் துளையை ஒரு படி குறைத்து அதை ஈடுகட்டுவார். அவர் நெகட்டிவ் உறையில் குறித்துவைத்த எண்களை அப்படியே நம்பி ‘ஒளியமைப்பு அழகியல்’ பற்றி இயல் எழுதும் ஆய்வாளர், மந்தமான ஒரு ஸ்பிரிங்கின் அழகியலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

லார்த்தீக் எடுத்த புகழ்பெற்ற பந்தயக் கார் படத்தில் சக்கரம் நீள்வட்டமாக முன்னோக்கிச் சாய்கிறது. பின்னால் நிற்கும் மனிதர்கள் எதிர்ப்புறம் சாய்கிறார்கள். வேகத்தின் சின்னமாகவே ஆகிவிட்ட அந்தச் சாய்வு, கேமராவைக் காரோடு திருப்பிக்கொண்டிருக்கையில் ஷட்டரின் பிளவு தகட்டைச் செங்குத்தாகக் கடந்ததால் விளைந்தது. நம் நாட்டிலேயே ஹோமாய் வியாரவாலா (1913–2012) ரோலிஃப்ளெக்ஸையும் ஸ்பீடு கிராஃபிக்கையும் கையாண்டவர். ஸ்பீடு கிராஃபிக்கில் லென்ஸோடு சேர்ந்த இதழ் ஷட்டர் ஒன்றும், பின்புறத்தில் திரை ஷட்டர் ஒன்றுமாக இரண்டு இருந்தன. எதைப் பயன்படுத்துவது என்பது ஒவ்வொரு முறையும் படமெடுப்பவரின் முடிவு. அவரைப் பற்றிய கருத்தரங்குகளில் பெண் பார்வை, தேசப் பார்வை, ஏக்கப் பார்வை எல்லாம் கேட்டிருக்கிறேன். எந்த ஷட்டர் என்ற கேள்வியை இதுவரை எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. அது கழிவுக் குழுவிடமிருந்து வருவதன்று, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களிடமிருந்து வருவது. பழைய பொருளைப் பழுதுபார்த்தால் அதன் சான்றுத்தன்மை அழிகிறது, காய்ந்த கிரீஸும் தேய்ந்த திருகும் வரலாறே, கைவைக்காதீர்கள் என்பார்கள். அரிய ஒற்றைப் பிரதிகளைப் பொறுத்தவரை இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இலட்சக்கணக்கில் விற்ற கே1000க்கு இதைப் பொருத்துவது பக்தியே அன்றி அறிவன்று. மேலும் ‘மூல நிலை’ என்று அவர்கள் காக்க விரும்புவது பெரும்பாலும் இல்லாத ஒன்று. உழைத்த கேமரா எதுவும் ஒருமுறையேனும் திறக்கப்பட்டிருக்கும். நெட்டாரின் முகத்தகட்டுக்குப் பின்னால், முன்பு அதைத் திறந்த யாரோ ஒருவர் ஊசிமுனையால் கீறிய இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் இருக்கின்றன. திறக்காமல் ‘பாதுகாத்திருந்தால்’ அந்தச் சான்று இருப்பதே யாருக்கும் தெரிந்திராது. திறக்குமுன் படமெடுங்கள், ஒவ்வொரு திருகையும் குறித்து வையுங்கள், எடுத்த கசடைக்கூட ஒரு சிமிழில் போட்டு வையுங்கள். இதைத்தான் அகழாய்வு என்று இன்னொரு துறையில் அழைக்கிறோம்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு வகுப்போர், தரவு சுமப்போர் என்ற பிரிவினையே சாதியப் படிநிலையாக நிலவுவதை கோபால் குரு 2002ஆம் ஆண்டு ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் சுட்டிக்காட்டினார். அக்கட்டுரையை நம் வகுப்புகளில் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறோம். தேர்வில் அதைப் பற்றி எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். தரவு சுமப்போருக்கும் கீழே ஒரு படி உண்டு: கையால் அறிபவர். உஸ்தாதை ஒருநாள் பயிலரங்குக்கு அழைக்கலாம் என்று முன்மொழிந்தபோது, வல்லுநர் மதிப்பூதியம் பெற அவருக்குரிய கல்வித்தகுதி என்ன என்ற கேள்வி வந்தது. ‘செயல்முறை உதவியாளர்’ என்ற தலைப்பின்கீழ் தேநீர்ச் செலவோடு சேர்த்து ஏதேனும் தரலாம் என்பது அவர்கள் கண்ட சமரசம். அதே பருவத்தில், ஸ்டீவன் ஜாக்சன் 2014இல் எழுதிய ‘ரீதிங்கிங் ரிப்பேர்’ கட்டுரைக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்கப்பட்டன. நல்ல கட்டுரை, நானும் மேற்கோள் காட்டுவேன். பழுதுபார்த்தல் என்னும் கருத்துக்கு இருக்கை உண்டு, பழுதுபார்ப்பவருக்கு இல்லை என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

உஸ்தாதுகளை நான் துறவிகளாக்கவும் இல்லை. ஒரு கேமராவைப் பிழைக்க வைக்க இன்னொன்றைக் கூறுபோடுவார்கள். எந்த உறுப்பு எதிலிருந்து வந்தது என்பதை எங்கும் எழுதமாட்டார்கள். கற்ற வித்தையை மூடிவைப்பார்கள். பெண்கள் அந்த மேசைகளில் பணிபுரிந்து நான் கண்டதில்லை. என் தோழி ஒருத்தி பழக விரும்பிப் போனபோது, அவளுக்கு நாற்காலியும் தேநீரும் தந்தார்கள், திருப்புளி தரவில்லை. இவை எல்லாம் பல்கலைக்கழகம் தலையிட்டுத் திருத்தக்கூடிய குறைகள். எழுதிவைப்பதும் கதவைத் திறந்துவிடுவதும் நம் தொழில் என்றல்லவா சொல்லிக்கொள்கிறோம்?

பழுதுபார்த்தல் அறிவை உண்டாக்குமா என்று ஐயுறுவோர் ஆலப்புழைக்குப் போகட்டும். 1940களில் அங்கே வாகீஸ்வரி என்னும் பட்டறை இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்தது. ஸ்டுடியோக்காரர் ஒருவர் தம் வெளிநாட்டுக் கேமராவின் கிழிந்த துருத்தியைச் சரிசெய்து தரக் கேட்டு வந்தார். ஆர்மோனியத் துருத்தியை அறிந்த கைக்குக் கேமராத் துருத்தி அந்நியமானதன்று. அந்த வேலையை முடித்த கே. கருணாகரன் அதோடு நிற்கவில்லை. முழுக் கேமராவையே தாமே செய்யத் தொடங்கினார். மரத்தால் ஆன அந்த வாகீஸ்வரி கேமராக்கள் பல பத்தாண்டுகள் நம் ஸ்டுடியோக்களில் உழைத்தன. ஒரு கேமராத் தொழிலே பழுதுபார்க்கும் மேசையிலிருந்து எழுந்தது. அக்காலத்துக் குழு ஒன்று அத்துருத்தியையும் “இயலாதது” என்று எழுதியிருந்தால்?

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கெனக் குழு அமைத்தது, செல்பேசி, வாகனம், வீட்டு உபயோகப் பொருள், வேளாண் கருவி என்று சில துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. உற்பத்தியாளர் உதிரிபாகமும் கையேடும் தரவேண்டும் என்பது அதன் சாரம். வரவேற்கத்தக்கது. ஆனால் நெட்டாரைச் செய்த ஜெய்ஸ் ஐகானிடம் போய் இன்று யார் கேட்பது? உற்பத்தியாளர் மறைந்தபின் அந்த உரிமை வாழுமிடம் கூச்சா சௌத்ரியின் மாடிப்படிக்கு அடியிலும், மும்பையின் போரா பஜாரிலும், இவைபோன்ற இன்னும் சில சந்துகளிலும்தான். அங்கிருப்போரில் பலர் எழுபதைக் கடந்தவர்கள். உஸ்தாதின் மகன் செல்பேசித் திரை மாற்றும் கடை வைத்திருக்கிறார். அதில் வருமானம் அதிகம், அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

அடுத்த வாரம் கழிவுக் குழு கூடுகிறது. அதன்முன் ஆய்வு மாணவர்கள் சிலர் சேர்ந்து மனு ஒன்று அளிக்கிறோம். ஏழு கேமராக்களையும் பட்டியலிலிருந்து நீக்குக. ஒவ்வொன்றுக்கும் எந்த ஷட்டர், எந்தப் பழுது என்று தனித்தனியே பதிவுசெய்க. உஸ்தாதை ஒரு பருவத்துக்கு வருகைதரு பயிற்றுநராக, மற்ற வல்லுநர்களுக்குரிய அதே மதிப்பூதியத்தில் அமர்த்துக. அவர் வேலை செய்யும் மணிநேரங்களைக் காணொளியாகவும் குறிப்பாகவும் துறை நூலகத்தில் சேர்க்க. மனுவோடு நெட்டாரையும் மேசைமேல் வைத்து, ஒரு வினாடி வேகத்தில் விசையை அழுத்திக் காட்டுவோம். அந்த ஓசையைக் கேட்டபின்னும் “இயலாதது” என்று கையெழுத்திட விரும்புவோர் இடட்டும். எவர் எவர் இட்டார் என்பதை இதே இடத்தில் பதிவிடுவேன்.

உங்கள் துறைகளின் அலமாரிகளிலும் இத்தகைய பட்டியல்கள் நிச்சயம் இருக்கும். கேமராவின் பெயர், எந்த வேகத்தில் நிற்கிறது, கண்ணாடி மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உஸ்தாதிடம் கேட்டுச் சொல்கிறேன். அதற்குள் யாரும் அவற்றின்மேல் எண்ணெய் அடித்துவிட வேண்டாம்.